சுவரில் கூப்பிய கை

சாமராஜப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்த நாளிலிருந்தே அந்தக் கண்ணாடிக் குண்டின் மேல் எனக்குச் சந்தேகம்தான். எண்ணெய் கேட்காமல், திரி கேட்காமல் எரிகிற ஒன்று வேறெதையாவது எடுத்துக்கொள்ளாமலா இருக்கும்?

என் கணவர் சேஷகிரி மராமத்து இலாகாவில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் அவர் கூடத்தில் ஸ்விட்சைத் தட்டியதும், விளக்கேற்றினால் கும்பிடுகிற பழக்கத்தில் என் கைகள் தானாகக் குவியும்.

"பல்புக்கெல்லாமா நமஸ்காரம், ராஜி?" என்று சிரிப்பார்.

நான் கவனித்தது என் நிழலை. எண்ணெய் விளக்கில் அது ஆடிக்கொண்டே இருக்கும். இந்த வெளிச்சத்தில் சுவரோடு ஒட்டினாற்போல் நின்றது. நான் கையை இறக்கிய பிறகு, கொஞ்சம் பொறுத்துத்தான் அது இறக்கியது. நாளுக்கு நாள் அந்தத் தாமதம் கூடிக்கொண்டே போனது.

"ஏன்னா, என் நிழல் எனக்குப் பின்னாடி வரது" என்றேன்.

"கரெண்ட் கம்மியா வரது, அவ்வளவுதான்" என்றார்.

நேற்றும் கும்பிட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். இங்கே இன்னும் பழைய சிம்னி விளக்குதான். கூடத்தில் அவர் பேசுவது கேட்டது.

"கும்பிட்டது போறும், ராஜி. உள்ளே போய் இலையைப் போடு."

வீட்டில் நாங்கள் இருவர்தான். புளிக் கையைச் சிம்னி விளக்கின் முன் நீட்டிப் பார்த்தேன். சுவரில் ஒன்றும் விழவில்லை.

கூடத்திலிருந்து என் மெட்டிச் சத்தம் சமையலறையை நோக்கி வந்துகொண்டிருந்தது.