தொண்ணூறு படி ஜீவகாருண்யம்

"கொலை! பட்டப்பகல்ல, நம்ம மொட்டை மாடியில நடக்கற கொலை!"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் இப்படி முழங்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலைகூட நிமிரவில்லை.

"யாரு செத்தது?"

"இன்னும் சாகல, சாகப் போகுது. நாலாவது மாடி பல் டாக்டரம்மா நாலு தொட்டியில சோளம் போட்டிருக்காங்கல்ல? இடுப்பு உயரம் வளர்ந்து நிக்குது. அஞ்சு நாளா சொட்டுத் தண்ணி ஊத்தல. கேட்டா, 'வேணும்னுதான் சார் ஊத்தல'ங்கறாங்க!"

"எதுக்காம்?"

"பூஞ்சை வளர்க்கறாங்களாம்! வேரோட ஒட்டிக்கிட்டு இருக்குமாம், மண்ணுக்கு நல்லதாம். நம்ம வாயில பூஞ்சை வந்தா ஒழுங்கா பல் விளக்கலையான்னு திட்டறவங்க, மாடியில அதுக்குத் தொட்டி வெச்சுக் கொடுத்திருக்காங்க."

செயலாளர் இளகிய மனசுக்காரர். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்றே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், 'வாயில்லா ஜீவனின் கண்ணீர்' என்று தலைப்புக் கொடுத்து வாடிய சோளத்தின் படத்தைப் போட்டார். இருபத்திரண்டு பேர் அழுத முகம் போட்டார்கள். ஒருவரும் தண்ணீர் ஊற்றப் போகவில்லை.

சரி, உலகத்தைத் தாங்க நாம் ஒருவர்தான் என்று பூவாளியைத் தூக்கினார்.

லிஃப்ட் இல்லாத கட்டடம். மொட்டை மாடியில் குழாயும் கிடையாது. தரைத்தளத்தில் இருந்த அவர் வீட்டிலிருந்து தொண்ணூறு படி. நாலு தொட்டிக்கு நாலு நடை. மூச்சு வாங்கியது. ஆனாலும் மேலே நின்று, சொட்டும் பூவாளியோடு தன்னைத் தானே ஒரு படம் எடுத்துக் குழுவில் போட மறக்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து கதவைத் தட்டினார்.

"நீங்கதான் தண்ணி ஊத்தறீங்களா சார்?"

"ஆமா. உயிரைக் காப்பாத்தறேன்."

"அய்யோ சார்! பெரிய மரத்தடி மண்ணைக் கொண்டுவந்து, மணலோட கலந்து, சோளம் விதைச்சு மூணு மாசம் வளர்த்தேன். செடி சாகப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் வேர்ல இருக்கற பூஞ்சை அவசர அவசரமா வித்து வெச்சுக்கும். பத்து நாள் காயவிட்டு, வேரை நறுக்கி அந்த மண்ணோட கலந்து, நடற ஒவ்வொரு மரக்கன்னுக்கும் ஒரு கைப்பிடி போடணும். எங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற கட்டாந்தரையில போன வருஷம் நட்டதுல ஒண்ணுகூடப் பிழைக்கல. இந்தத் தடவை நூறு கன்னு நடப்போறோம். இப்ப நான் திரும்பவும் முதல்லேர்ந்து காயவிடணும்!"

"காயவிடணுமா? இந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு கூசல?"

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செயலாளரின் மனைவிதான் அவரை உள்ளே அழைத்துப்போய், ஏதேதோ சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தாள்.

மறுவாரம் மாடிக்குப் போன செயலாளர் திகைத்தார். சோளத்தைக் காணோம். அதற்குப் பதில் நாலு தொட்டியில் தக்காளிச் செடி, தலை தொங்கிப்போய்.

"திருந்தாத ஜென்மம்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினார், பூவாளி எடுக்க.

அதிலிருந்து காலையும் மாலையும் அவருக்கு இதே வேலை. படியில் டாக்டரம்மா எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்து, "சில பேருக்குப் படிப்பு இருக்கும், ஈரம் இருக்காது" என்பார். குழுவில் அவரைப் பற்றி நாளுக்கொரு கண்டனம். டாக்டரம்மா ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. சொல்ல என்ன முகம் இருக்கிறது என்று செயலாளர் நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் ஓடியது. வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனார். வைத்தியர் காகிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்கே! தொப்பையும் காணோம். என்ன பண்றீங்க?"

"ஜீவகாருண்யம்" என்றார் செயலாளர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே விளக்கினார். "பார்த்தியா? புண்ணியம் பண்ணினா உடம்புலயே தெரியும். அந்தம்மா மாதிரி கல்நெஞ்சா இருந்தா இதெல்லாம் வருமா?"

"எப்படி வரும்?" என்றாள் மனைவி.

மாலையில் பூவாளியோடு கிளம்பியவர், கைபேசியை மறந்துவிட்டு முதல் மாடியிலிருந்து திரும்பி வந்தார். படம் எடுக்காமல் என்ன புண்ணியம்?

கதவு திறந்தே கிடந்தது. மனைவி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நூறு கன்னும் துளிர் விட்டிருச்சா? ரொம்ப சந்தோஷம்மா! அடுத்த தடவைக்கான பூஞ்சைத் தொட்டியும் இதே மாதிரி உன் பால்கனியிலயே பத்திரமா காயட்டும். மாடியில மட்டும் ஏதாவது நாலு செடியை வாடவிட்டு வை. நடங்க நடங்கன்னு வைத்தியர் பத்து வருஷமா கெஞ்சியும் கேட்டைத் தாண்டாத மனுஷன்மா இவரு... உனக்குத்தான் கஷ்டம், தெரியுது. இன்னும் ஒரு மூணு மாசம் அவர்கிட்ட திட்டு வாங்கிக்கோம்மா, சர்க்கரை இன்னும் இருபது இறங்கணும்!"