பின் அடித்த பாடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு சின்னக் கதை சொல்கிறேன். பெற்றோர் சம்மதம் தரும்வரை அறிவியல் புத்தகத்தின் ஏழாம் பாடத்தை ஸ்டேப்லர் பின் அடித்து மூடிவைக்க வேண்டும் என்பது ஒரு பள்ளியின் புதுச் சட்டம். எட்டாம் வகுப்புச் செவ்வந்தி இரண்டு நாளாக ரத்தக்கறையை ஒளித்துக்கொண்டு, செத்துப்போய்விடுவோமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாத அம்மாவிடம் சம்மதத் தாளை நீட்டினாள்.

"என்னடி போட்டிருக்கு?"

"டூரும்மா."

"டூருக்கு எவளாவது அழுவாளா? நெசத்தைச் சொல்லு."

"உடம்பைப் பத்தின பாடம்மா. உன் கைநாட்டு வேணும்."

அம்மா கொண்டை ஊசியை உருவி, புத்தகத்தில் அடித்திருந்த பின்னை நெம்பினாள். "கைநாட்டு கெடக்கட்டும், வாசி. எனக்கும் யாரும் சொன்னதில்ல."

'ரத்தப்போக்கு' என்ற சொல்லில் செவ்வந்தியின் குரல் நின்றுபோனது. அம்மா அவள் பாவாடையைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையின் கேள்வியும் தொண்டையில் நிற்காதிருக்கட்டும்.