மங்கைய

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தொங்கிய கறுப்புத் திரையில், 'மங்கைய' என்ற பெயருக்கு எதிரே 'இறப்பு' என்று வந்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருத்தி பரிமளா, உள்ளே அவளுடைய அம்மா மங்கையர்க்கரசி இருந்தாள். இன்னொருவர், உள்ளே இருந்த மங்கையர்திலகத்தின் கணவரான பெரியவர். காலையிலிருந்து பரிமளாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அந்தத் திரைக்கு நிரல் எழுதியது பரிமளாவின் அலுவலகம்தான். எழுத்தின் தலைமேல் உட்காரும் புள்ளியைக்கூட அது தனி இடமாகக் கணக்கிட்டு, பெயரைப் பாதியில் வெட்டிவிடுகிறது என்று முன்பு அவள் அலுவலகத்தில் சொன்னபோது மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாதிப் பேர் தெரியுதுல்ல, போதும் விடும்மா," என்றார் அவர்.

காவலாளி திரையையும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பேர் முழுசா வரல. இருங்க, உள்ள கேட்டுட்டு வரேன்," என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

பெரியவர் பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதும்மா," என்றார். அவள் தலையசைத்தாள். அந்த விரல்களை ஆறுதலாகப் பற்றிக்கொண்டே, போனது அவர் மனைவியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் உதடுகளும் எதையோ முணுமுணுத்தன. கதவு திறந்தபோது, அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை விடுவித்துக்கொண்டார்.