அடுத்து அவள் படித்தது

“இறந்துபோன பொண்ணு என்னென்ன படிச்சாள்னு அவங்கப்பாகிட்ட சொல்ல உங்களுக்கு யார் சார் உரிமை கொடுத்தது?”

நூலகர் நிமிரவில்லை. திரும்பி வந்த புத்தகங்களை எண்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

கேட்டவள் முதுகலை மாணவி. பல்கலைக்கழக நூலகத்தின் கவுன்ட்டரில் மாலையில் மூன்று மணி நேரம் பகுதிநேர வேலை. எதற்கெடுத்தாலும் விதியைத் தூக்கி நீட்டுவதால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘வக்கீலம்மா’.

இந்தத் தடவை விதி அவள் பக்கம்தான். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்று பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது. கவுன்ட்டரிலேயே ஒட்டியிருக்கிறது.

ஆனால் புதன்கிழமை தவறாமல் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வருகிறார். நூலகர் தன் சொந்த அட்டையில் ‘மாங்கா’ என்கிற ஜப்பான் காமிக்ஸ் புத்தகம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, “உங்க பொண்ணு அடுத்து படிச்சது இதுதான்” என்கிறார்.

அந்தப் பெண் திரைப்படப் பிரிவு மாணவி. போன வருடம் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

முதல் புத்தகத்தை மெக்கானிக் இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, முடிவில் தொடங்கி ஆரம்பத்தில் முடித்துவிட்டு, “செத்தவங்க எழுந்து வர்றாங்க, நல்லாத்தான் இருக்கு” என்றாராம். ஜப்பான் காமிக்ஸை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது நூலகர்தான்.

அதன் பிறகு எல்லாமே அதே மாதிரிக் கதைகள். யாரோ ஒருவர் செத்துப்போவார். மிச்சமிருப்பவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பார். பாதியில், நாம் பார்ப்பது அவர் வாழ்க்கையா, அவர் எடுத்த படமா என்றே தெரியாமல் போய்விடும்.

“செத்தவங்களுக்கும் அந்தரங்கம் உண்டு சார். நாளைக்கு நான் செத்தா, எங்கப்பாகிட்ட என் லிஸ்டையும் நீட்டுவீங்களா?”

“உன் லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் பரீட்சை கைடுதானேம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவாளருக்குப் புகார் எழுதப் போவதாகச் சொன்னாள். தாராளமாக எழுது, ஆனால் புதன்கிழமை கழியட்டும், வியாழக்கிழமை கொடு என்றார் அவர். அந்த நிதானம்தான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

புதன்கிழமை நூலகர் பல் பிடுங்க லீவு போட்டிருந்தார்.

நல்லதாகப் போயிற்று என்று அவள் கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணின் பதிவைத் திறந்தாள். அடுத்தவர் பதிவைப் பார்க்கக் கூடாது என்று சண்டை போட்டவள்தான். ஆதாரத்துக்காகப் பார்ப்பது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திரையில் நாலு புத்தகங்கள் இருந்தன. நாலே நாலு.

நூலகரின் அட்டைக் கணக்கைத் திறந்தாள். மெக்கானிக் இதுவரை வாங்கிப் போனது பதினைந்து.

மறுபடி எண்ணினாள். தப்பில்லை. அப்படியானால் ஐந்தாவதிலிருந்து நூலகர் சொன்னதெல்லாம்?

“சார் இல்லீங்களா?”

எதிரே மெக்கானிக். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் போன வார மாங்காவைக் கவுன்ட்டரில் வைத்தார். நக இடுக்கில் கிரீஸ் அப்படியே இருந்தது.

லீவு என்றாள்.

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். “அப்ப இன்னைக்குப் புத்தகம் இல்லையாம்மா?” என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்: “வாராவாரம் கடைசிப் படியில நின்னுட்டுத்தான் உள்ள வருவேன். இனிமே இல்லைன்னு சொல்லிடுவாங்களோன்னு.”

‘உங்க பொண்ணு எடுத்தது நாலுதான் சார்.’ அவ்வளவுதான், ஒரு வரி. எந்தப் புத்தகம் என்று சொல்லாததால் விதிப்படியும் சரி, நியாயப்படியும் சரி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஒரு நிமிஷம் சார்” என்று அலமாரிக்கு ஓடினாள்.

கையில் கிடைத்ததைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண். சட்டென்று மூடி வைத்தாள். அடுத்ததில் மகளின் கேமராவைப் போட்டு உடைக்கும் அப்பா. அதுவும் வேண்டாம். இன்னொன்றில் கடைசியில் யாருமே மிஞ்சவில்லை. வாராவாரம் நூலகர் இதையெல்லாம் உட்கார்ந்து படித்துப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாரா?

திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஓரத்தில் ஒன்று. செத்துப்போன அக்கா சைக்கிளில் போய்வந்த தெருவைத் தங்கை தினமும் வீடியோ எடுக்கிறாள். ஒருநாள் படத்தில் சைக்கிள் மணி கேட்கிறது. நிஜமாகவே பதிவானதா, அவள் காதுக்கு மட்டும் கேட்டதா, கதை சொல்லவில்லை. இது போதும். இதுதான்.

“உங்க பொண்ணு அடுத்து படிச்சது இது சார்.”

புத்தகத்தை நீட்டினாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். திறந்தார். நூலகத்துக்கு வந்த தேதியை முத்திரை குத்தும் பக்கத்தில் அவர் கண் நின்றது. அப்போதுதான் அவளும் அதைப் பார்த்தாள்.

புத்தகம் நூலகத்துக்கு வந்ததே போன மாதம்தான்.

வக்கீலம்மா அதைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

அவர் புத்தகத்தை மெல்ல மூடினார்.

“சார்னா தேதியைப் பாத்து எடுப்பாரு. நீங்க புதுசு” என்றார் தாழ்ந்த குரலில். “அவ நோட்டுல எழுதி வெச்சிருக்கா, நாலோட நின்னுபோச்சுன்னு எனக்கும் தெரியும்மா. எனக்குத் தெரியும்னு சார்கிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் அவ படிச்சுக்கிட்டு இருக்கட்டும்.”