மீட்டிங் முடிந்த பிறகு

"சரி, எல்லாருக்கும் நன்றி" என்று மேனேஜர் சொன்னதுதான் தாமதம், மருமகள் கேமராவை அணைத்துவிட்டு உள்ளே அழுத பிள்ளையைத் தூக்க ஓடினாள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் கிழவர் மட்டும் மிச்சம்.

திரையில் ஆபீஸ் அறை அப்படியே தெரிந்தது. நீள மேசை, ஆறு தலைகள். நன்றி சொன்ன பிறகும் ஒரு தலைகூட நகரவில்லை.

கிழவருக்கு இந்த உத்தியோகத்தின்மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. வீட்டில் இருப்பவளுக்கு எவன் சம்பளம் கொடுப்பான், ஒருநாள் கம்பி நீட்டிவிடுவான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இரண்டு வருஷமாக அவள் இடுப்பு ஒடிய உட்கார்ந்திருப்பதையும் அவர்தான் பார்க்கிறார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "டீம் லீட் யாருக்குக் கொடுக்கலாம்? முறைப்படி பார்த்தா அந்தப் பொண்ணுக்குத்தான். ஆனா கண்ணு முன்னாடி இல்லையே."

கோடு போட்ட சட்டைக்காரன் சிரித்தான். "அவங்களா? இந்நேரம் மாடில துணி காயப்போட்டுக்கிட்டு இருப்பாங்க சார்."

மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே பதவி சட்டைக்காரன் மடியில் போய் விழுந்துவிட்டது.

கிழவருக்குச் சுர்ரென்று ஏறியது. மைக் படம் போட்ட பட்டன் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அவர் இருமும்போதெல்லாம் மருமகள் அதைத்தான் அமுக்குவாள்.

அமுக்கினார்.

"டேய் தம்பி, துணி காயப்போட்டவன் நான். பாத்திரம் கழுவினதும் நான்தான். என் மருமக தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல. இந்த ஒரு மணி நேரத்துல நீதான் மூணு தடவை எழுந்து போன. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

ஆறு தலைகளும் கூரையை அண்ணாந்து பார்த்தன.

"யாருங்க அது? மீட்டிங் முடிஞ்சிருச்சே" என்றார் மேனேஜர்.

"முடிஞ்சா எழுந்து போக வேண்டியதுதானேய்யா. உட்கார்ந்து என்னத்தைப் பங்கு போடுறீங்க?"

மேனேஜர் எழுந்து, இணைப்பை அணைக்கக் கையை நீட்டினார்.

அப்போது திரையின் அடியில் கறுப்பாகக் கிடந்த ஒரு கட்டத்தில் முகம் முளைத்தது. யாரோ ஒரு பெண், தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டத்தில் ஒரு தாடிக்காரன். அப்புறம் இன்னொரு முகம், இன்னொன்று. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற அத்தனை பேரும்.

"பெரியவர் பேசட்டும் சார்" என்றாள் அந்தப் பெண். "மீட்டிங் முடிஞ்சப்புறம் நீங்க நடத்துற மீட்டிங்கை நாங்க வாராவாரம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

மேனேஜர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க மருமகளைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றார்.