சேலம், வழி: காசி, சிம்லா, கோவா

"இதுக்குமேல இன்னொரு ஊர் சொல்லச் சொன்னா, நான் சந்நியாசம் வாங்கிக்கிட்டுப் போயிடுவேன்!" இராஜமாணிக்கம் ரயில்வே டைம்டேபிளைச் சாப்பாட்டு மேசையில் வீசினார்.

அவர் மனைவி சகுந்தலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் மே மாதப் புழுக்கம். போதாக்குறைக்குக் கரண்ட் வேறு இல்லை. இந்தக் கோடை லீவுக்கு எங்கே போவது என்று இன்றைக்கே முடிவாகாவிட்டால் அவளுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

ரமேஷ்பாபுவுக்குக் கடல் வேண்டும். தமிழரசிக்குக் கோயில். பிரியங்காவுக்கு மலை, அதுவும் பல் கிட்டிக்கிற குளிரோடு. ஊர் விஷயத்தில்தான் ஆளுக்கொரு திசை. படுக்கையறையில் காலை நீட்டிக்கொண்டு காப்பி கேட்பதில் மூன்று பேருக்கும் ஒரே குரல்.

"திகா போகலாம். கடல் இருக்கு" என்றார் இராஜமாணிக்கம்.

"ரொம்பக் கிட்டக்க. வேணாம்."

"பூரி? கடலும் உண்டு, ஜெகந்நாதரும் உண்டு."

"ஒரு ராத்திரி ரயில். போன வேகத்துல திரும்பிடலாம். வேணாம்."

"டார்ஜிலிங்?"

"அதுவும் அப்படித்தான்."

"சீக்கிரம் திரும்பினா நல்லதுதானேடி? அதுல என்ன குத்தம் கண்டே?"

சகுந்தலாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இத்தனை வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டிய மனுஷனுக்கு இதைக்கூடவா விளக்க வேண்டும்? டைம்டேபிளைப் பிடுங்கினாள்.

"முதல்ல காசி. அங்கேருந்து சிம்லா. அங்கேருந்து கோவா. யாரும் மூஞ்சியைத் தூக்க முடியாது. அப்படியே சொந்த ஊர் சேலம்."

"பாதி நாள் ரயில்லயே போயிடுமே!"

"போகட்டும்."

"சரி, சேலத்துலேருந்து இங்க திரும்பி வர?"

சகுந்தலா ஒரு பார்வை பார்த்தாள். இராஜமாணிக்கம் பேனாவை எடுத்து ஊர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் விடிவதற்குள் போய் டிக்கெட் க்யூவில் நின்றார். எங்கே போனாலும் பெண்டாட்டியை ரயில்வே பாஸில் கூட்டிப்போகிறவர் கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கியதைக் கேட்டு, பக்கத்து வீட்டு தாஸ் பாபுவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "கீ மோஷாய், என்ன சார் இது, டிக்கெட்டா?" என்றார். இராஜமாணிக்கம் அசடு வழியச் சிரித்துவைத்தார்.

அந்த வாரம் முழுக்க சகுந்தலாவுக்கு இடுப்புவலிகூட மறந்துபோயிற்று. சிம்லாவுக்குக் கம்பளி, காசிக்குத் தாமிரச் சொம்பு, வழிக்குப் புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று ஒன்று விடவில்லை.

ஹவுரா ஸ்டேஷனில் பெட்டிகளை இருக்கைக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்ததும் அவள்தான். பிரியங்காவுக்கு மேல் படுக்கையில் போர்வையும் விரித்துவிட்டாள்.

விசில் ஊதியது. சகுந்தலா புளிசாதக் கூடையைத் தமிழரசியின் மடியில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று பிளாட்பாரத்தில் இறங்கிக் கணவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்களும் வந்திருக்கலாம் அண்ணி!" ஜன்னல் வழியாக ரமேஷ்பாபு கத்தினான்.

"உங்க அண்ணனுக்கு லீவு இல்லையேப்பா!" என்று இவளும் கத்தினாள். கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைகிறவரை ஆட்டிய கையை இறக்கவில்லை.

இராஜமாணிக்கத்துக்கு மனசு கேட்கவில்லை. "ஊரெல்லாம் தேடித் தம்பி குடும்பத்தை அனுப்பிட்டோம். உனக்கு எங்க போகணும், சொல்லு. விக்டோரியா? காளிகாட்?"

"நேரா வீட்டுக்குங்க. என் கட்டில்ல நான் படுத்து ஒரு மாசமாச்சு!"