கண்டாக்கையாவின் துவக்கு

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பனி இன்னும் விலகவில்லை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கஜேந்திரனின் தோளில் துவக்கு தொங்குகிறது. போன மாதம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரியைப் பன்றி என்று நினைத்து அவர் சுட்டபோது அவள் முழங்காலைச் சிதறடித்த அதே துவக்கு. பனிக்குள், ஈரம் படாமலிருக்க அவள் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புப் படங்கு பன்றி மாதிரிதான் தெரிந்திருக்கும் என்று நேற்று கோர்ட்டு ஒப்புக்கொண்டு, லைசன்ஸோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார், குழல் மினுங்குகிறது. சிவனேஸ்வரியின் நாத்தனார் பிரியந்தி அதைவிட்டுக் கண்ணெடுக்காமல் நிற்கிறாள். "பன்னி நம்ம மரக்கறித் தோட்டத்தையும்தானே கிண்டுது, துவக்கு இல்லாம முடியுமா?" என்று பின்னால் சோலைமலை முனகுகிறான். "ஒம் பொண்டாட்டி கால்ல பட்டிருந்தா தெரியும்," என்கிறாள் பிரியந்தி, திரும்பாமலே. கண்டாக்கு ஒரு சாக்கைக் காலால் தள்ளிவிடுகிறார். உள்ளே சிவப்புத் துணித் துண்டுகள். "இனிமே படங்குக்கு மேல ஆளுக்கொன்னு கட்டணும். கட்டாதவங்களுக்கு இன்னைக்கு வேலை இல்ல. அப்புறம் வெடி பட்டுச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது." பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஈரப் படங்குகள் சலசலக்கின்றன. பிரியந்தி முன்னால் வந்து, குனிந்து ஒரு துண்டை எடுக்கிறாள். கண்டாக்கின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்க்கிறது. அவள் அதை இடுப்புக்குக் கொண்டுபோகவில்லை. எட்டி, அவர் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழலில் இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போடுகிறாள். "துவக்கு எங்க நிக்குதுன்னு எங்களுக்கும் பனியில தெரியணும்ல, ஐயா." சாக்குப் பக்கம் வேறு யாரும் வரவில்லை.